திருப்பிவிடப்பட்ட ஆறும் 'பாரம்பரியம்' என்னும் சொல்லும்: எண்ணூரிலிருந்து சில குறிப்புகள்

எண்ணூரில் மூன்று தண்ணீர் கூடுகிறது. மேற்கிலிருந்து வரும் கொசஸ்தலை ஆறு, வடக்கும் தெற்குமாக ஓடும் பக்கிங்காம் கால்வாய், முகத்துவாரத்தின் வழியே ஏறி இறங்கும் கடல். ஆறும் கடலும் இயற்கை, கால்வாய் மனிதர் வெட்டியது என்றுதான் படித்திருக்கிறோம். அந்தப் பாகுபாடு பாதிதான் சரி. எண்ணூருக்கு வந்துசேரும் ஆறும் ஒருவகையில் மனிதர் செய்த ஆறுதான். அதாவது, எடுத்துக்கொண்டதுபோக மிஞ்சிய ஆறு.

கொஞ்ச நாளைக்கு முன்பு நண்பர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, கால்வாயின் எண்ணூர்ப் பகுதியைப் 'பாரம்பரியச் சின்னம்' என்று அறிவிக்கச் சொல்லி மனுக் கொடுத்தால் என்ன என்ற பேச்சு வந்தது. இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட வேலைப்பாடு. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் நூறு வருஷப் பழமையைத்தான் கேட்கிறது. தமிழ்நாட்டிலும் 2012ல் பாரம்பரிய ஆணையத்துக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 'சாக்கடையைப் போயி யாராவது சின்னம்னு அறிவிப்பானா?' என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். வீடு திரும்பிய பிறகுதான் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை என்று பட்டது. ஆற்றைத் திருப்பிவிடப் பாறையில் போட்ட வெறும் ஓட்டையைச் சின்னமாக அறிவித்த அரசாங்கம் உண்டு. எண்ணூரைப் பேசுமுன் அந்த ஓட்டையைப் பார்த்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில் 1851ல் தங்க வேட்டை தொடங்கியது. மேலாகக் கிடைத்த தங்கம் தீர்ந்ததும் கம்பெனிகளின் கண் ஆற்றுப் படுகைமேல் விழுந்தது. ஆறு குதிரை லாடம்போல் வளைந்து ஓடும் இடத்தில், வளைவின் கழுத்துப் பகுதியில் பாறையைக் குடைந்து தண்ணீரைக் குறுக்கே விட்டுவிட்டால் வளைவு முழுவதும் வற்றிப்போகும். பிறகு படுகையை அள்ளி அலசலாம். 1870ல் மெல்பர்னுக்கு அருகே வாரண்டைட்டில் யாரா ஆற்றை இப்படித் திருப்பினார்கள். வால்ஹல்லா என்னும் தங்கச் சுரங்க ஊருக்குப் பக்கத்தில் தாம்சன் ஆற்றுக்காக 1911-12ல் குடைந்தது சுமார் 220 மீட்டர் நீளம். ஆறு இன்றும் அதன் வழியே பாய்கிறது. இரண்டு சுரங்கங்களும் மாநிலப் பாரம்பரியப் பதிவேட்டில் இருக்கின்றன.

அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு 'முக்கியத்துவ அறிக்கை' உண்டு. அதற்கு மூன்று கேள்விகள்: எது முக்கியமானது? எவ்வகையில் முக்கியமானது? ஏன் முக்கியமானது? இந்தச் சிந்தனைக்கு ஒரு சாசனமும் இருக்கிறது. 1979ல் பர்ரா என்ற பழைய செம்புச் சுரங்க ஊரில் வைத்து ஏற்கப்பட்டதால் அதற்கு பர்ரா சாசனம் என்று பெயர். கோயிலும் கோட்டையும் மட்டுமே நினைவுச் சின்னமாகக் கருதப்பட்ட காலத்தில், ஓட்டைக்கும் கொட்டகைக்கும் கழிவு மேட்டுக்கும் 'பண்பாட்டு முக்கியத்துவம்' உண்டு என்று சொல்ல அது வழிசெய்தது. நம்மூர்த் தொல்லியல் இன்னமும் கல்வெட்டு உள்ள கல்லைத்தான் கல் என்று மதிக்கிறது என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமல்ல.

ஆனால் கேட்கப்படாத நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது: யாருக்கு? யாரா ஆற்றங்கரை உருன்ஜெரி மக்களுடையது, தாம்சன் பள்ளத்தாக்கு குனை குர்னாய் மக்களுடையது. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே ஆறு இருந்தது, மனிதரும் இருந்தார்கள். பதிவேட்டின் கணக்கிலோ அந்த வளைவின் 'வரலாறு' கம்பெனி வந்து பாறையில் வெடி வைத்த நாளில்தான் தொடங்குகிறது. இன்னொரு தரப்பையும் சொல்ல வேண்டும், மீன். தாம்சன் ஆற்றின் கிரேலிங் மீன் குஞ்சுப் பருவத்தைக் கடலில் கழித்துவிட்டு ஆறேறி வருகிற இனம். சுரங்கத்தில் சீறிவரும் நீரை எதிர்த்து அதனால் ஏற முடியவில்லை, பழைய வளைவிலோ போதிய நீர் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இப்படியே போனது. கடைசியில் 2019ல், சுரங்கம் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் அதை விட்டுவைத்து, பழைய வளைவுக்குள் மறுபடி நீர்விட்டு மீனுக்கென்று ஒரு பாதை அமைத்தார்கள். சின்னமும் இருக்கிறது, மீனும் ஏறுகிறது. பணமும் மனசும் இருந்தால் நடக்கும் என்பதற்கு உதாரணம், அவ்வளவுதான். அங்கே மீனுக்குக் கிடைத்த பாதை நம் ஊரில் மீன்பிடிக்கிற மனிதருக்குக் கிடைத்ததா என்று பார்க்கத்தான் இத்தனையும் சொன்னேன்.

தங்கத்துக்காக ஆற்றைத் திருப்பிய கதை நமக்கும் அந்நியமானதல்ல. மைசூர் சமஸ்தானத்தில் சிவசமுத்திரம் அருவிக்கு மேலே காவிரி நீரைப் பிரித்துக் கால்வாயில் கொண்டுபோய் மின்சாரம் எடுத்தது 1902ல். அந்த மின்சாரம் முதலில் போனது பெங்களூர்த் தெருவிளக்குகளுக்கு அல்ல, சுமார் 147 கிலோமீட்டர் தாண்டிக் கோலார் தங்கவயலுக்கு. பெங்களூருக்கு விளக்கு வந்தது 1905ல். அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு முதலான பகுதிகளிலிருந்து போன தமிழர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் தலித்துகள். மாரிக்குப்பத்துச் சாக்கிய பௌத்த சங்கம் அவர்கள் கட்டியெழுப்பியது. 2001ல் சுரங்கத்தை மூடினார்கள். சயனைட் கலந்த மண்மேடுகள் மட்டும் ஊருக்கு நடுவில் நிற்கின்றன, காற்றடித்தால் வீட்டுக்குள் வருகின்றன. மேட்டைச் சின்னமாக அறிவிப்பதா, அகற்றுவதா? அதன் தூசியைச் சுவாசிக்கிறவர்களைக் கேட்காமல் இதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் ஆறு திருப்பும் சுரங்கம் என்றாலே பெரியாறுதான். மேற்கே ஓடும் ஆற்றை அணைகட்டி மறித்து, மலைக்கடியில் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் அளவுக்குக் குடைந்து, 1895ல் வைகைப் பக்கம் விட்டார்கள். பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்பில் 2013ல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு அவர் படம், பொங்கலன்று அவர் பேருக்குப் பானை வைக்கிறார்கள். விவசாயிகளின் அந்த நன்றியை நான் கிண்டல் செய்யவில்லை. அது அரசாங்கம் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. ஆனால் மலைக்காய்ச்சலிலும் காலராவிலும் செத்த கூலியாட்களுக்குப் பேரும் இல்லை, படமும் இல்லை. கூடவே ஒன்றைக் கவனிக்கலாம். திருப்பப்பட்ட தண்ணீர் போய்ச்சேர்ந்த பக்கத்தில்தான் நன்றி இருக்கும். தண்ணீர் இழந்த பக்கத்தில் என்ன இருக்கும்?

எண்ணூர் தண்ணீர் இழந்த பக்கம்.

முதலில் கால்வாயைப் பார்ப்போம். பேசில் காக்ரேன் ஆங்கிலேயக் கடற்படைக்குச் சாமான் சப்ளை செய்து பெரும்பணம் சேர்த்தவர். (பிறகு லண்டன் திரும்பி நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். நம் நாட்டு ஷேக் தீன் முகம்மது அங்கேதான் வேலை பார்த்தார். இந்தியத் தலை பிடித்துவிடுதல் 'ஷாம்பூ' ஆனதில் வட சென்னைக் கால்வாய்க் காசுக்கும் பங்குண்டோ என்னவோ.) கறுப்பர் நகரத்திலிருந்து எண்ணூர்க் கழிவரை 11 மைல் கால்வாய் 1801ல் தொடங்கி 1806ல் திறக்கப்பட்டது. சுங்கம் வசூலித்துக்கொள்ள 45 வருஷக் குத்தகை. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சென்னை மாகாணத்தில் உப்பு அரசு ஏகபோகமானது 1805ல் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அத்திப்பட்டு, வல்லூர் அளங்களின் உப்பு, வடக்கிலிருந்து சவுக்கு விறகு, சுண்ணாம்புக் கிளிஞ்சல் எல்லாம் இந்தக் கால்வாய் வழியேதான் பட்டணத்துக்குப் போயின. தெரு வீட்டின் அடுப்பும் சுவரும் சோறும் எண்ணூர் வழியாக வந்தன என்று சொன்னால் மிகையில்லை.

அந்தக் கால்வாய்க்கு முதலில் கவர்னர் கிளைவின் பெயர் (பிளாசிக் கிளைவின் மகன் இவர்), பிறகு குத்தகைதாரர் காக்ரேனின் பெயர், பிறகு இன்னொரு கவர்னரான பக்கிங்காம் கோமகனின் பெயர். மூன்று பெயரிலும் மண் வெட்டியவன் இல்லை.

மூன்றாவது பெயர் வந்த விதம்தான் நம் மனதில் தைக்க வேண்டியது. 1876-78ல் தாது வருஷப் பஞ்சம். பஞ்சம் பாதித்தவர்களுக்குச் சும்மா கஞ்சி ஊற்றினால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பது அன்றைய பொருளாதார வேதம், ஆகவே மண் வேலை. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற 8 கிலோமீட்டர்த் துண்டு 1877-78ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அத்துடன் வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் ஒன்றாகி பக்கிங்காம் ஆயின. 1877 தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து வந்த ரிச்சர்டு டெம்பிள் மாகாணத்து நிவாரணக் கூலியை ஆளுக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா என்று வெட்டினார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு, அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷே இது சாவுக் கூலி என்ற பொருளில் எதிர்த்தார். பல இடங்களில் ஜனங்கள் கூலியை வாங்க மறுத்து வேலையை விட்டுப் போனார்கள். பட்டினியில் கிடந்தவர்கள் செய்த வேலைநிறுத்தம் அது. நம் தொழிற்சங்க வரலாறுகள் 1918லிருந்து, பின்னி ஆலை வாசலிலிருந்து தொடங்குகின்றன. அதற்கு 41 வருஷம் முந்தைய இந்த மறுப்பை எந்த அத்தியாயத்தில் வைப்பது?

இங்கே ஒரு திருத்தமும் அவசியம். எண்ணூர்ப் பகுதியைப் பஞ்சக் கூலிகள் வெட்டியதாகச் சிலர் எழுதுகிறார்கள். அது முந்தைய தலைமுறையின் வேலை, பஞ்ச வேலை நகரத்துக்குத் தெற்கே நடந்தது. உருக்கத்துக்காக வரலாற்றை நகர்த்த வேண்டியதில்லை. ஒரே பெயருக்குள் லாபத்துக்காக வெட்டிய துண்டும் பட்டினியால் வெட்டப்பட்ட துண்டும் சேர்ந்து கிடக்கின்றன என்பதே போதுமான கனமுள்ள செய்தி.

இனி ஆறு. கொற்றலையாறு என்பார்கள், கொசத்தலையாறு என்பார்கள், வெள்ளைக்காரன் 'கோர்த்தலையார்' என்றான். ஒரு ஆற்றுக்கு இத்தனை உச்சரிப்பு இருந்தால் அது பலருடைய ஆறு என்று பொருள். 1866ல் ஃபிரேசர் என்ற பொறியாளர் ஒரு திட்டம் போட்டார். தாமரைப்பாக்கத்தில் ஆற்றைக் கல்லணையால் மறித்து, சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் கொண்டுபோய், பட்டணத்துக்குக் குடிநீர் தருவது. 1872ல் வேலை முடிந்தது. 1914ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம். 1944ல் அதே ஆற்றில் மேலே பூண்டி நீர்த்தேக்கம், பின்னால் அதற்கு சத்தியமூர்த்தியின் பெயர். 1960களின் கடைசியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் ஆழ்கிணறுகள் போட்டு நிலத்தடி நீரையும் நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் எடுத்தார்கள். மேலேயும் தண்ணீர் இல்லை, கீழேயும் உறிஞ்சியாயிற்று என்றால் கடல் சும்மா இருக்குமா? மீஞ்சூர்ப் பக்கம் நிலத்துக்கடியில் உப்புநீர் மேற்கே மேற்கே ஏறியது. ஆற்று நீரை எடுத்ததனால் உள்ளே வந்த கடலைக் குடிநீராக்க, 2010ல் அதே வட்டாரத்தில் காட்டுப்பள்ளியில் நாளைக்கு 10 கோடி லிட்டர் ஆலை திறந்தார்கள். இந்தச் சுற்றை யாராவது கதையாக எழுதியிருந்தால் 'அதீதம்' என்று விமர்சித்திருப்பேன்.

விக்டோரியாவின் கம்பெனி ஆற்றைத் திருப்பியது அடியிலிருந்த தங்கத்துக்காக. இங்கே தண்ணீரே தங்கம். அதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய படுகையைத் தேடி எவரும் வரவில்லை, கொட்டுவதற்கு மட்டும் வந்தார்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970ல் ஓடத் தொடங்கி 2017ல் நின்றது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994லிருந்து. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள், குழாய் உடைந்தால் சாம்பல் ஆற்றில் இறங்கும். உடைந்துகொண்டேயிருந்தது. ஆழமாக இருந்த இடம் முழங்கால் அளவானது. எண்ணூர்த் துறைமுகம் 2001ல் வந்தது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து கழிக்குள் வந்த எண்ணெய், அதே மாதம் 26ந் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தை வீட்டைவிட்டு ஓடவைத்த அம்மோனியா. பட்டியலை நீட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை, வாசகர்களுக்குத் தெரிந்தவைதாம்.

தெரிய வேண்டியது வேறு ஒன்று. 1996ல் மத்திய அமைச்சகம் ஒப்புக்கொண்ட கடற்கரை வரைபடத்தில் எண்ணூர்க் கழிவெளி இருக்கிறது. 2017ல் செயல்பாட்டாளர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வாங்கிய இன்னொரு வரைபடத்தில் அது இல்லை. தண்ணீரும் இறாலும் வலையும் இருந்த இடம் தாளில் வெறும் நிலமாகியிருந்தது. ஆற்றைத் திருப்பப் பாறையைக் குடைய வேண்டும், 16 மாதம் 20 மாதம் ஆகும். ஒரு கழிவெளியை இல்லாமலாக்க ஒரு தாள் போதும். பதிவேடு, வரைபடம், அட்டவணை ஆகியவை உள்ளதைப் பார்த்து எழுதப்படுகிற அப்பாவிப் பிரதிகள் அல்ல. எது உள்ளது என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரமே அவற்றில்தான் குடியிருக்கிறது. 'பாரம்பரியப் பட்டியல்' என்பதையும் இந்தப் பிரதிகளின் வரிசையில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

இதனால்தான் மனு விஷயத்தில் எனக்குத் தயக்கம். சென்னையில் 'கால்வாயை மீட்போம்' என்ற கோஷம் எழுந்தபோதெல்லாம் முதலில் மீட்கப்பட்டது கரை, அதாவது கரையில் இருந்தவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். செம்மஞ்சேரி, கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள். அதே கால்வாய்க்கு நடுவில் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டபோது அது ஆக்கிரமிப்பு ஆகவில்லை. 2008ல் 'தேசிய நீர்வழி' என்றும் அறிவித்தார்கள். படகு வரவில்லை. நாளை 'பாரம்பரியம்' என்று அறிவித்தால் என்ன வரும்? நடைபாதை, அலங்கார விளக்கு, நுழைவுச்சீட்டு. காட்டுக்குப்பத்து ஆள் வலையைக் காயப்போட்டால் 'சின்னத்தின் அழகைக் கெடுக்கிறான்' என்று வழக்கு. கோட்டைக்குள்ளிருந்து பார்க்கிறவனுக்குத்தான் பாரம்பரியம் தெரியும், குப்பத்துக்காரனுக்கு அது வேலியாகத்தான் தெரியும் என்ற பழைய அனுபவம் நமக்கு இருக்கிறது.

அப்படியானால் வேண்டவே வேண்டாமா? அப்படியும் சொல்லிவிட முடியவில்லை. சட்டம் என்பது எதிராளியின் ஆயுதம் மட்டும்தான் என்று ஒதுங்கிய காலத்தில் நாம் இழந்தது கொஞ்சமல்ல. கழிவெளி காணாமல்போனதை நிரூபிக்க உதவியதும் ஒரு பழைய அரசாங்க வரைபடம்தான். அலாய்ஸ் ரீக்ல் என்ற ஆஸ்திரியக் கலை வரலாற்றாளர் 1903லேயே, நினைவுச் சின்னங்களின் பழமை மதிப்பும் பயன் மதிப்பும் ஒன்றோடொன்று மோதும் என்று எழுதினார். இடிந்தால்தான் பழமைக்கு அழகு, இடியாமல் இருந்தால்தான் பயனுக்கு உதவி. எண்ணூரில் இந்த மோதல் தலைகீழ். இங்கே பயன் போனால் பழமையும் போய்விடும். காக்ரேனின் குத்தகையில் எனக்கு எந்த மரியாதையும் இல்லை. ஆனால் அவர் வெட்டிய நீர்த்தடத்தைத் தங்கள் வேலைத்தளமாக மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். வலையும் படகும் உள்ளவர்கள் மட்டுமல்ல. இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறிக்குள் போடுகிறார்கள். எங்கே சேறு மிருதுவாக இருக்கும், எந்த வெள்ளத்தில் இறால் ஏறும், எங்கே சாம்பல் கெட்டித்துப்போய்க் கை நுழையாது என்பதெல்லாம் அந்த விரல்களுக்குத் தெரியும். சுரங்கம் குடைந்த கம்பெனியின் தொழில்நுட்பத்தைப் பாரம்பரியம் என்று எழுதுகிற பதிவேட்டில், இந்த விரலின் அறிவுக்கு எந்தப் பத்தி? கட்டடம் இல்லை, கல்வெட்டு இல்லை, வேலை நின்றால் மறுநாளே அழிந்துபோகும்.

மனுவை எழுதிப்பார்த்தேன். 'எது' என்ற இடத்தில், கால்வாய், ஆறு, கழிவெளி மூன்றும் சேர்ந்த நீர்ப்பரப்பு என்று போட்டேன். 'எவ்வகையில்' என்பதற்கு, உழைப்பு வரலாறு என்றும் நடப்பிலுள்ள தொழில் என்றும் போட்டேன். 'ஏன்' என்பதற்கு இரண்டு பக்கம் ஆனது. படிவத்தில் இல்லாத 'யாருக்கு' என்பதை நானே ஒரு கோடு போட்டுச் சேர்த்தேன். அதற்குக் கீழே குப்பங்களின் பெயர்களும் இருளர் குடியிருப்புகளின் பெயர்களும் வந்தன. அவர்களைக் கேட்காமல் இதை அனுப்புவதில்லை என்றும் முடிவு செய்தோம். 'எல்லைகள்' என்ற இடத்தில்தான் பேனா நின்றுபோனது. கிழக்கே கடலோரம் சுலபம், முகத்துவாரம் என்று எழுதிவிடலாம். மேற்கு எல்லை எது? எண்ணூரில் சாம்பல் தங்கியதற்கு ஒரு காரணம் அதை அடித்துப்போக ஆற்றில் தண்ணீர் இல்லாதது. தண்ணீர் இல்லாததற்குக் காரணம் பூண்டியில் இருக்கிறது, தாமரைப்பாக்கத்தில் இருக்கிறது, செங்குன்றத்திலிருந்து வரும் குழாயில் இருக்கிறது. அந்தக் குழாய் என் வீட்டுச் சமையலறையில் முடிகிறது. நண்பர்களிடம் படிவத்தைக் காட்டினேன். மேற்கு எல்லைக்கு எதிரே இன்னும் எதுவும் எழுதவில்லை.